செம்மண் தண்ணீர்

ஜனவரி 9, 2024. செவ்வாய்

பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள். கடையில் தைக்க வேண்டிய ஜாக்கெட் பதினேழு கிடக்கிறது. பனி விலகவே ஒன்பது மணி ஆயிற்று. சர்க்கரை ஆலையில் அரவை நடப்பதால் பனியோடு பாகு வாசனையும் சேர்ந்துகொண்டு, யாரோ கண்ணுக்குத் தெரியாத அண்டாவில் வெல்லம் காய்ச்சுவதுபோல் இருந்தது மோகனூர். வருஷத்தில் இந்த ஒரு மாதம் மட்டும் ஊர் தரையில் ஊன்றாமல் கொஞ்சம் மேலே மிதப்பதாக எனக்குத் தோன்றும்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆண்பிள்ளைச் சட்டை, மண் படிந்த ஷூ. பெயர் நிலா, சேலத்துக்காரி. சினிமா எடுக்கிறார்களாம். யாருக்கோ உதவியாக இருக்கிறாள் என்று நினைத்தேன். டைரக்டரே அவள்தான். ஆற்றங்கரையில் இருபது நாள் படப்பிடிப்பு. கதாநாயகியின் ஜாக்கெட்டுகளை அளவு பிடித்துக் கொடுக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்றாள். சரி என்றேன்.

பேச்சோடு பேச்சாக, வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டாள்.

"ரிக் வண்டியில இருக்காருங்க. ஒடிசாவுல," என்றேன்.

மெஷினை மிதித்தபடியே சொன்னேன். நூல்கூட அறவில்லை.

அவர் இறந்து இருபத்திரண்டு மாதம் ஆகிறது.

ஜனவரி 10

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். போர்வெல் போடுகிற வண்டியில் போகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஆறு வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறுமா? வடக்கே மழை பிடித்து வேலை நின்றால் வண்டிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பும். அவரும் வருவார். மற்ற மாதமெல்லாம் 'அங்கே' இருப்பார். இப்போதும் 'அங்கே'தான் இருக்கிறார் என்று உடம்பு நினைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு யார் போய்ச் சொல்வது?

ஜனவரி 15

பொங்கல். அத்தை, அவரைப் பெற்றவர், வாசலில் கரும்பு கட்டினார். இரண்டு பேருக்கு ஒரு படி அரிசி எதற்கு என்று கேட்டேன். பானை சின்னதானால் பொங்குவது தெரியாது என்றார்.

ஜனவரி 18

நிலா ஜாக்கெட் துணிகளைக் கொண்டுவந்தாள். இருந்து டீ குடித்தாள். படத்தின் கதையைக் கேட்டேன்.

ஆற்றங்கரையில் புருஷனும் பெண்டாட்டியும் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார்கள். ஊரே கண் வைக்கிற அன்பு. வெளியூர் போன இடத்தில் அவன் விபத்தில் போய்விடுகிறான். அவள் பண்ணையை மூடிவிட்டு உள்ளேயே கிடக்கிறாள். பிறகு ஒருவன் செடி வாங்க வருகிறான்; வந்துகொண்டே இருக்கிறான்.

"கடைசியில அவனைக் கட்டிக்குவாளுங்களா?"

"அதுதாங்க்கா இன்னும் முடிவு பண்ணலை. ரெண்டு மாதிரி எழுதி வெச்சிருக்கேன்," என்றாள்.

நான் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன். மூன்று முறை தவறிவிட்டது.

ஜனவரி 22

இன்று முதல்நாள் படப்பிடிப்பு. ஆற்றில் தண்ணீர் குறைவு. திட்டுத் திட்டாக மணல், நடுநடுவே கண்ணாடி போல் தண்ணீர். நாலு வாழை வைத்து, பச்சை வலை கட்டி, நேற்றுவரை ஒன்றுமில்லாத கரையில் ஒரு நாற்றுப்பண்ணையையே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கதாநாயகி கனிஷ்கா ரொம்பச் சின்னப் பெண். தோளில் அளவு பிடித்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, எனக்கும்.

ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் தற்செயலாகத் திரும்பினேன். சிவக்குமார் நின்றிருந்தார்.

என் வீட்டுக்காரரோடு ஒரே ரிக்கில் ஏழு வருஷம் இருந்தவர். அன்றைக்கு வண்டியின் கம்பத்தைத் தூக்கும்போது மேலே போன மின்சாரக் கம்பியில் பட்டுவிட்டது என்று எங்களுக்குப் போன் செய்தவர் அவர்தான். ஆம்புலன்ஸில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான். காரியம் முடிந்த மறுநாள் போனவர், பிறகு வரவே இல்லை. ரிக் வேலையையே விட்டுவிட்டார், சொந்த ஊரான எருமப்பட்டிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 23

சிவக்குமாரைப் பார்த்தேன் என்று அத்தையிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜனவரி 25

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

இன்று, செய்தி வந்த பிறகு நாயகி அழுகிற காட்சி. புருஷனுடைய சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு, வாசனை பிடித்து, கட்டிலில் சரிந்து அழவேண்டும். கனிஷ்கா நன்றாகத்தான் அழுதாள். லைட் பிடித்தவர்கள்கூட உச்சுக்கொட்டினார்கள். ஓரமாக நின்றிருந்த நான், "இப்படியில்லீங்க," என்றேன்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். வெளியே கேட்டிருக்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலா கோபப்படவில்லை. என்னைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

சொன்னேன். அன்றைக்குச் சொன்னது பொய், என் வீட்டுக்காரர் காளிதாஸ் இல்லை, இறந்துவிட்டார் என்று முதலில் சொன்னேன். பிறகு பையைப் பற்றிச் சொன்னேன். உடம்போடு அவருடைய துணிப்பையும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் வந்ததும் முதல் காரியம் அந்தப் பையைத் துவைக்கிற கல்லடியில் கொட்டுவதுதான். ஒடிசாவின் செம்மண் எத்தனை அலசினாலும் போகாது, அதனால் ராத்திரியே ஊறவைத்துவிடுவேன். மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு நான் அதைத்தான் செய்தேன். பையைக் கொட்டினேன். ஊறவைத்தேன். சோப்புப் போட்டு, கும்மி, நாலு தண்ணீர் அலசினேன். சிவப்புச் சிவப்பாகத் தண்ணீர் ஓடிக் கிணற்றடி வாழைக்குப் போனது. நாலாவது தண்ணீர் தெளிந்து வந்தபிறகுதான், அவர் உடம்பு வாசனை இருந்த கடைசித் துணிகள் அவை என்று எனக்கு உறைத்தது.

"எனக்கு அழறதுக்குச் சட்டை இல்லீங்க. நானே தொவைச்சுப் போட்டுட்டேன்," என்றேன்.

நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இதைப் படத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நான் துவைத்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தார். தடுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, லுங்கியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தார். அவர் ஒரு பக்கம் முறுக்க, நான் ஒரு பக்கம் முறுக்கினேன். அது எங்கள் இரண்டு பேருடையது. சினிமாவுக்குக் கிடையாது.

ஜனவரி 26

என்னத்துக்கு வாயைத் திறந்தேன்? யாருன்னே தெரியாத பொண்ணுகிட்டப் போய் — ரெண்டு வருஷமா பெத்த அம்மாகிட்டச் சொல்லாததை. நாளைக்கு அதைத் திரையில போட்டு, ஊரெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டு, முறுக்கு தின்னுட்டுப் போகும். வேண்டாம்னு சொல்லிரணும்.

மாலை: அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிவக்குமாரைப் பார்த்ததையும் சேர்த்து. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தவில்லை.

"எடுத்துட்டுப் போகட்டும் சாமி. துணி தொவைக்கறது என்ன தப்பா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பையன் சோறுகீறு ஒழுங்காத் திங்கறானா? எளைச்சுட்டானா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 2

ஆற்றில் எடுத்தார்கள். பனி கலையும் முன்பே எல்லாரும் இறங்கிவிட்டோம். தண்ணீருக்கு மேல் ஆள் உயரத்துக்குப் பனிப்புகை. அக்கரையில் வாங்கல் ஊர் தெரியவில்லை. பாலம் பாதியில் முடிந்து வெள்ளைக்குள் போயிருந்தது. அதற்கு நடுவில் ஒரு கல், ஒரு பெண், ஒரு துணிப்பை.

செம்மண்ணைக் கரைத்துத் துணிகளில் தடவியிருந்தார்கள். கனிஷ்கா நேற்று மாலையே என்னிடம் வந்து எப்படிக் கும்முவது, எப்படிப் பிழிவது என்று கற்றுக்கொண்டாள். அழவேண்டாம் என்று நிலா சொல்லியிருந்தாள். சும்மா துவைத்தால் போதும்.

முதல்முறை அவள் சட்டையை முக்கித் தூக்கியபோது சிவப்புத் தண்ணீர் இழை இழையாகப் பிரிந்து ஓடியது. ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. மறுபடியும் மண்ணைத் தடவி மறுபடியும் எடுத்தார்கள். மூன்று. நாலு. வெயில் வந்து புகை மஞ்சளாயிற்று. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, கல்லில் உட்கார்ந்திருப்பது நான்தான் என்றும், கரையில் நின்று பார்ப்பது வேறு யாரோ என்றும் தோன்றியது. அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து வா, போதும், தண்ணீர் தெளிந்துவிட்டது என்று சொல்லவேண்டும் போலிருந்தது.

ஒன்பதாவது தடவை நிலா சரி என்றாள். யாரும் கைதட்டவில்லை. ஆற்றில் கொஞ்ச தூரத்துக்குச் சிவப்பு போய், அப்புறம் இல்லாமல் போயிற்று.

திரும்பும்போது ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் சிவக்குமார் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 4. ஞாயிறு

மதியச் சாப்பாட்டு நேரம். ஜெனரேட்டரை நிறுத்தியதும் ஆற்றங்கரைக்கு அதன் சொந்தச் சத்தம் திரும்பி வந்தது. சிவக்குமார் பாட்டிலைக் கழுவி நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"வழியில என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலீங்க."

மணலில் உட்கார்ந்தார். என்னை எந்த முறை வைத்தும் அவர் கூப்பிடுவதில்லை. எதுவானாலும் 'ஏனுங்க'தான்.

"முப்பத்தியோரு மணி நேரமுங்க. டிரைவருக்கு நம்ம பாஷை தெரியாது, எனக்கு அவரு பாஷை தெரியாது. வேற ஆளு யாரும் இல்ல. அதனால காளிதாஸ்கிட்டயே பேசிட்டு வந்தனுங்க. இந்த ஊரு வந்துருச்சு, இந்த ஆறு தாண்டிட்டோம்னு. விசயவாடாவுக்கு இந்தப் பக்கமா ஒரு கடையில நின்னுச்சு. ரெண்டு டீ சொல்லிட்டேன். பழக்கம். டீ வந்த பொறவுதான்..." நிறுத்தினார். "ரெண்டையும் நானே குடிச்சனுங்க."

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"உங்களப் பத்தித்தான். அவுரு எப்பவும் பேசறது அதுதானுங்க. ஊட்டுக்குள்ள சிக்னல் கெடைக்காது, வாசப்படியில நின்னுதான் பேசுவா, கால் வலிக்கும், சீக்கிரம் வெச்சிரணும்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் பேசுவாரு."

சிரித்துவிட்டேன். சிரித்தபடியே அழுதேன். இரண்டு வருஷத்தில் இப்படி வாய்விட்டு அழுதது இன்றைக்குத்தான். அவர் எழுந்து போகவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கால் வலிக்கும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 6

கனவு. காவிரி நிறைய ரிக் வண்டிகள். கம்பங்களையெல்லாம் படுக்கவைத்துக்கொண்டு, மாடுகள் நீந்துவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் கிழக்கே போயின. ஒன்றில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 11

கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள். நாற்றுப்பண்ணை இருந்த இடத்தில் நாலு குழி மட்டும்.

நிலா விடைபெற வந்தாள். முடிவை இன்னும் எடுக்கவில்லையாம். சென்னையில் போய்த்தான் எடுக்கிறார்களாம். அக்கா, அவ அவனைக் கட்டிக்கலாமா என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியலீங்க. அவ கட்டிட்டுப் போயிட்டா அவ மாமியாருக்கு யாரு சோறு போடுவா?"

"கதையில மாமியாரே இல்லைங்க்கா."

"அப்ப அவளுக்குச் சுலபம்," என்றேன்.

மார்ச் 14

இரண்டாம் வருஷத் திதி. ஐயர் போனபிறகு வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. சிவக்குமார். சினிமா வேலை முடிந்து இப்போது தேங்காய் லோடு ஓட்டுகிறார், மோகனூர்த் தோப்புகளிலிருந்து நாமக்கல்லுக்கு. உள்ளே வரத் தயங்கி நின்றார். அத்தை போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து, இலை போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினார். போதும் என்று சொல்ல விடவில்லை.

அத்தை அவரைப் பற்றிய எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் அவர் மனைவி பிரிந்துபோய்விட்டாராம். ரிக் வண்டிக்காரனுக்கு வாக்கப்படறதும் ஒண்ணுதான், வாக்கப்படாததும் ஒண்ணுதான் என்று சொன்னாராம். கோர்ட்டில் தீர்ந்துவிட்டது. அம்மா அப்பா இல்லை.

"அந்தப் பொண்ணு சொன்னதும் நெசந்தானுங்க," என்றார்.

ஏப்ரல் 7

ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறார். அத்தைக்கு மாத்திரை வாங்கி வருகிறார். கொல்லைக் குழாயைச் சரிசெய்தார். என்னோடு பேசுவது பத்து வார்த்தை இருக்கும். அந்தப் பத்து வார்த்தைக்காக நான் சனிக்கிழமையே தலைக்குக் குளிக்கிறேன் என்பதை இன்று கவனித்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பக்கத்து வீட்டுச் சாலம்மாள் ஜாக்கெட் வாங்க வந்தார். தேங்காய் வண்டி தோப்பில நிக்கறதவிட உங்க ஊட்டு வாசல்லதான் அதிகமா நிக்குது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு என்னத்துக்கு இதெல்லாம்? நான்பாட்டுக்கு இருந்தேன். தலைக்குக் குளிச்சது என் தப்பு. பொட்டு வெச்சது என் தப்பு. அவர் படத்துக்கு முன்னாடி நின்னுட்டு இன்னொருத்தர் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துட்டு இருந்தேனே — சீ.

சாயங்காலம் சிவக்குமார் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சரிங்க," என்றார். மாத்திரைக் கவரைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 21

ஞாயிறு. வரவில்லை.

ஏப்ரல் 28

வரவில்லை. நான்தானே சொன்னேன்.

மே 19

கோடைமழை. அத்தை என்னோடு அளவாகப் பேசுகிறார். சிவக்குமார் ஏன் வருவதில்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 24

துணி எடுக்கத் திருச்செங்கோடு போனேன். வடக்கே மழை ஆரம்பித்துவிட்டது. சாலை ஓரமெல்லாம் ரிக் வண்டிகள் வரிசையாக நின்றன, யானைக் கூட்டம் மாதிரி. சக்கரத்தில் எங்கெங்கேயோ இருந்து ஒட்டிவந்த மண், சிவப்பும் கறுப்பும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி புருஷனிடமிருந்து பையைப் பிடுங்கித் தானே தோளில் மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, ராசிபாளையம் தாண்டிய பிறகுதான் தோன்றியது: அத்தனை வண்டிகளிலும் நான் ஒரு முகத்தையும் தேடவில்லை. போன வருஷம் ஒவ்வொரு வண்டியாகத் தேடினேன். யாரிடமும் சொன்னதில்லை. இந்த வருஷம் சும்மா பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜன்னல் ஓரம் முழுக்க வானம். வீடு வரும்வரை அழுதுகொண்டு வந்தேன். ஆனால் அது துக்கம் என்று சொல்ல முடியவில்லை. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி மரத்துப்போன கையில், இறக்கிவிட்டதும் ரத்தம் திரும்புமே, அந்த மாதிரி ஒரு வலி.

ஜூலை 21. ஞாயிறு

இன்று அத்தை காணாமல் போய்விட்டார்.

காலையில் நான் கடையைக் கூட்டிவிட்டு வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. சாவி மாடத்தில். கோயிலில் இல்லை, ஆற்றங்கரையில் இல்லை. ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்று தண்டோரா போட்டிருந்தார்கள். சாலம்மாளும் சேர்ந்துதான் தேடினார். பஸ் ஸ்டாண்டில் பூக்காரி சொன்னாள், உங்க அத்தை ஏழு மணி நாமக்கல் வண்டியில ஏறிட்டாங்களே என்று. அறுபத்தெட்டு வயதில் என் அத்தை ஆராயி அம்மாள் தனியாக நாமக்கல்லைத் தாண்டிப் போனதில்லை.

மதியம் ஒரு மணிக்கு மினி வேன் வந்தது. முன்சீட்டில் அத்தை, மடியில் தூக்குப்போசி. இரண்டு பஸ் மாறி எருமப்பட்டி போய், நாலு தெரு விசாரித்து, சிவக்குமார் வீட்டைக் கண்டுபிடித்து, அவரையும் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

நான் கத்தினேன். இப்படியா சொல்லாமல் போவது என்று. அத்தை நிதானமாக இறங்கி, சேலையை உதறிக்கொண்டார்.

"எம் மவனை ஒத்தையில உடாம அத்தன தூரம் கூட்டியாந்தவன் இவன். இவன் வரக்கூடாதுன்னா இந்த ஊட்டுக்கு வேற யாரு வரது?"

"ஊர் பேசுதுங்க அத்தை."

"பேசட்டும் சாமி. பேசறவங்களா நமக்குக் கஞ்சி ஊத்தறாங்க?"

சாலம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தார். அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேனின் கதவைத் தானே திறந்து, "எறங்கு கண்ணு. சோறு ஆறுது," என்றார்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கரை தொட்டுக் காவிரி போகிறது. பிப்ரவரியில் கனிஷ்கா உட்கார்ந்த கல் எங்கோ அடியில். போலீஸ் கயிறு கட்டி யாரையும் இறங்கவிடவில்லை. தூர நின்று மூன்று பேரும் பார்த்தோம். ஆற்றில் இவ்வளவு தண்ணீர் ஓடும்போது சத்தமே வருவதில்லை.

செப்டம்பர் 15

அத்தை சந்தைக்குப் போயிருந்தார். சிவக்குமார் படியில், நான் உள்ளே பட்டன் தைத்துக்கொண்டு. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்க. உங்க அத்தைய உட்டுட்டு வாங்கன்னு நான் கேக்கலீங்க. எனக்குத்தான் அங்க யாரும் இல்ல. நான் இங்க வாரனுங்க. உங்களுக்குச் சரின்னா."

ஊசி விரலில் ஏறிவிட்டது.

அவரை மறக்கமுடியாது என்று சொன்னேன்.

"நானும் மறக்கலீங்க. மறக்கச் சொல்லிக் கேக்கற ஆளா நானு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவசரமில்லை என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனபிறகும் அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. நான் காதை மூடிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 16

யோசிக்கிறேன்.

அக்டோபர் 20

யோசித்து முடித்து நாளாயிற்று. சொல்லத்தான் வரவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவர் பெற்ற பிள்ளை. எனக்கு இன்னொருவர் கிடைக்கலாம். அவருக்கு இன்னொரு காளிதாஸ் எங்கே கிடைப்பான்?

நவம்பர் 24. ஞாயிறு

வெள்ளிக்கிழமை படம் வந்துவிட்டது. நிலா போன் செய்து மூன்று டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்திருந்தாள். நாமக்கல், பகல் காட்சி. அத்தை தியேட்டருக்குப் போய்ப் பதினைந்து வருஷமாம். நடுவில் அத்தை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சிவக்குமார்.

விளக்கணைந்ததும் எங்கள் ஆறு வந்தது. இவ்வளவு அழகா அது? பாகு வாசனை மட்டும்தான் இல்லை. துவைக்கிற காட்சிக்கு நான் முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டேன், பிறகு திறந்தேன். ஒன்பது தடவை எடுத்தது முக்கால் நிமிஷம்கூட இல்லை. ஆனால் அந்த முக்கால் நிமிஷம் தியேட்டரில் ஒருவர் இருமவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் யாரைத் துவைத்து அனுப்பினாளோ. டிக்கெட் வாங்கிப் பார்க்கட்டும். இது ஒன்றும் என்னுடையது மட்டுமில்லை.

இடைவேளையில் வெளியே வந்து நின்றோம். ஆலைக் குடியிருப்பில் முன்பு எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மாள் அத்தையைப் பார்த்துவிட்டு வந்தார். குசலம் விசாரித்தார். சிவக்குமாரை மேலும் கீழும் பார்த்து, இவர் யாரு, சொந்தமா என்று கேட்டார். சிவக்குமார் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அத்தை பாப்கார்னை மென்று விழுங்கிவிட்டு, என்னைக் காட்டிச் சொன்னார்:

"நம்ம கோகிலாவுக்குப் பார்த்திருக்கற மாப்பிள்ளைங்க. தையில வெச்சிருக்கறம். நீங்க கட்டாயம் வரணும்."

சும்மா நாள் கிழமை சொல்வதுபோல் சொன்னார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சிவக்குமாரும் சொல்லவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த அம்மாள் போனபிறகு அத்தை என் பக்கம் திரும்பவில்லை. கையில் இருந்த பொட்டலத்தை என்னிடம் நீட்டினார், அவ்வளவுதான். பொட்டலத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். மணி அடித்து உள்ளே போய் உட்கார்ந்தபிறகும் விடவில்லை.

நிலா கடைசியில் முடிவை எடுத்திருக்கிறாள். நாயகி அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. பண்ணையைத் திறந்துவைத்துவிட்டு, தனியாகப் பாலத்தில் நடந்து பனிக்குள் போகிறாள். நல்ல முடிவுதான். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

வேனில் வரும்போது அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. பாவம் அந்தப் புள்ளைய ஒத்தையா உட்டுட்டாங்களே என்று வளையப்பட்டிவரை புலம்பிக்கொண்டு வந்தார். சிவக்குமார் வண்டியை ரொம்ப மெதுவாக ஓட்டினார். இரண்டு பக்கமும் கரும்பு பூத்து வெள்ளையாக அசைந்தது.

"சரிங்க," என்றேன் நான், அத்தையின் தலைக்கு மேலாக.

அவருக்குப் புரிந்தது. அத்தை எதற்குச் சரி என்று கேட்டார்.

பிப்ரவரி 9, 2025. ஞாயிறு

கல்யாணமாகிப் பத்து நாள் ஆகிறது. காலையில் அத்தை காளிதாஸ் படத்துக்குப் புதுமாலை போட நாற்காலியில் ஏறினார். லோடுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சிவக்குமார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மாலை நேராக இருக்கிறதா என்று மேலேயிருந்து கேட்டார் அத்தை. இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார் அவர்.

நான் அடுப்படியில் இருந்தேன். மாலை இறங்கவே இல்லை, சரியாகத்தான் இருந்தது. ஆனால் அத்தை மெனக்கெட்டு ஒருமுறை தூக்கிவிட்டு, இப்போது சரியா என்று கேட்டார்.

மூன்று பேருக்கும் தோசை வார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன்.